மிக்சியைக் கொண்டுபோவதா, அங்கே வாங்குவதா? திருகோணமலையிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

விசா கைக்கு வந்த மறுநாளே பல வீடுகளில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். "மிக்சியைக் கொண்டுபோ மகன், அங்க வாங்கப் போனா காசு" என்பார் அம்மா. "அங்க கறண்ட் வேறயாம் அம்மா" என்பான் மகன். இரண்டுமே சரியாக இருக்கலாம். போகிற நாடு எது, பெட்டிக்குள் வைக்கும் சாமான் எது என்று தெரிந்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். கிண்ணியாவிலிருந்து கட்டாருக்குப் போகிறவருக்குப் பொருந்தும் விடையை உவர்மலையிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகிறவர் கேட்டு நடந்தால், மிக்சியும் பழுதாகும், லக்கேஜில் நாலைந்து கிலோவும் வீணாகும்.

வழிகள் ஐந்து. பிளக்கை மட்டும் மாற்றுவது, டிரான்ஸ்போமர் வைப்பது, பயணக் கடைகளில் விற்கும் சின்னக் கன்வேர்ட்டரை நம்புவது, போகிற நாட்டு வோல்ட்டுக்கே செய்த மொடலை வாங்கிப் போவது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போய் வாங்குவது.

## எதை வைத்து முடிவெடுப்பது

வோல்ட். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் (கறண்ட் ஒரு நொடியில் இத்தனை முறை அலையும்). பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, சுவிஸ், அவுஸ்திரேலியா, இந்தியா, கட்டார், குவைத், ஓமான், அமீரகம், மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் 220 முதல் 240 வோல்ட்டுக்குள், 50 ஹேர்ட்ஸ்தான். இந்த நாடுகளில் மாறுவது பிளக்கின் வடிவம் மட்டும். கனடாவும் அமெரிக்காவும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஜப்பான் 100 வோல்ட். சவூதி மட்டும் கொஞ்சம் சிக்கல்: அங்கே 60 ஹேர்ட்ஸ், புதிய கட்டடங்களில் 220–230 வோல்ட், பழைய கட்டடங்களில் 127 வோல்ட் சொக்கெட்டுகள் இன்னும் இருக்கின்றன. சவூதிக்குப் போகிறவர், முன்பே அங்கே இருக்கும் ஒருவரிடம் அறையின் சொக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எத்தனை வோல்ட் என்றும் கேட்டுவிட வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது. கொண்டுபோகலாமா என்பதற்கு வோல்ட்டுக்கு அடுத்தபடியாக விடை சொல்வது இதுதான். வீட்டு மின்சாதனங்களை மூன்று இனமாகப் பிரிக்கலாம்: சூடாகும் கம்பி உள்ளவை (அயன் பெட்டி, கேத்தில், ரைஸ் குக்கர்), மோட்டர் உள்ளவை (மிக்சி, கிரைண்டர், ஃபான், தையல் மெஷின்), மின்னணுச் சுற்று உள்ளவை (போன் சார்ஜர், லேப்டொப், டிவி). வோல்ட் மாறும்போது இந்த மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

வாட். அடாப்டரும் டிரான்ஸ்போமரும் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

எர்த். மூன்று முள் பிளக்கோடு வந்த சாமானுக்குப் பெரும்பாலும் எர்த் தேவை. அதை இரண்டு முள் அடாப்டரில் செருகினால் சாமான் வேலை செய்யும். உடம்பு இரும்பாக இருந்து உள்ளே வயர் தொட்டுவிட்டால் கையில் அடிக்கும்.

எவ்வளவு காலம். மூன்று வாரப் பயணம், இரண்டு வருட ஒப்பந்த வேலை, நிரந்தரக் குடியேற்றம் ஆகிய மூன்றுக்கும் கணக்கு வேறு.

நிறை. கனடாவுக்குப் பெரும்பாலும் 23 கிலோப் பொதி இரண்டு, வளைகுடாவுக்கு 30 கிலோவை ஒட்டி. டிக்கெட்டில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு லீற்றர் மேசைக் கிரைண்டர் ஒன்று கல்லோடு பத்துக் கிலோவுக்கு மேல் வரும். அந்த இடத்தில் எத்தனை சேலை, எவ்வளவு மிளகாய்த்தூள், எத்தனை பக்கற் ஒடியல் மா போகும் என்று வீட்டில் யாராவது கட்டாயம் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கும் நியாயமானதே.

## பின்பக்கத் தகட்டில் என்ன பார்ப்பது

சாமானின் அடியிலோ, சார்ஜரின் முதுகிலோ சின்ன எழுத்தில் "இன்புட்" என்று ஒரு வரி இருக்கும். அதில் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் உலகம் முழுவதும் போகலாம். பிளக் வடிவம் மட்டும் பொருந்தினால் போதும். போன், லேப்டொப், கெமரா சார்ஜர்கள் எல்லாம் பொதுவாக இப்படித்தான் இருக்கும். 220–240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருந்தால் அது 230 வோல்ட் நாடுகளுக்கு மட்டும். 220–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருப்பது சவூதியின் 220 வோல்ட் வீடுகளுக்கும் சரி.

"பழைய சார்ஜர்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று நினைத்துவிடக் கூடாது. முடி வெட்டும் டிரிம்மர், பழைய ஷேவர், எலெக்ட்ரோனிக் சுருதிப் பெட்டி, பிள்ளைகளின் கீபோர்ட் ஆகியவற்றோடு வரும் கனமான கறுப்பு அடாப்டர்களுக்குள் சின்ன இரும்பு டிரான்ஸ்போமர் இருக்கும். அவை பெரும்பாலும் 230 வோல்ட்டுக்கு மட்டுமே. கையில் எடுத்தாலே நிறை காட்டிக்கொடுத்துவிடும்.

## வழி 1: பிளக்கை மட்டும் மாற்றுவது

எங்கே சரி: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் நாடுகள் எல்லாவற்றிலும், எல்லாச் சாமானுக்கும். 120 வோல்ட் நாடுகளில், தகட்டில் 100–240 என்று உள்ளவற்றுக்கு மட்டும்.

லண்டனுக்கும் கட்டாருக்கும் போகிறவர்களுக்கு வேலை மிகக் குறைவு. இலங்கையில் இப்போது நியமமாக இருக்கும் 13 அம்பியர் சதுர முள் பிளக்தான் அங்கேயும். ஆனால் திருமலையின் பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்ட முள் பொயின்ட்டுகள் இன்னும் ஏராளம். இந்தியாவிலிருந்து வந்த மிக்சிகளும் வட்ட முள்ளோடுதான் வருகின்றன. இவற்றை அடாப்டரில் செருகிச் செருகிப் பாவிப்பதைவிடப் பிளக்கையே வெட்டிவிட்டு நல்ல 13 அம்பியர் பிளக் பூட்டுவது மேல். அந்த வேலை இப்படி:

1. பழைய பிளக்கை வயரோடு வெட்டியதும் அதன் முள்ளை வளைத்துக் குப்பையில் போடுங்கள். வெட்டிய பிளக்கைப் பிள்ளைகள் எடுத்துப் பொயின்ட்டில் செருகினால் வெறும் செம்புக் கம்பியில் 230 வோல்ட் நிற்கும்.
2. புதிய பிளக்கைத் திறந்து, எர்த் முள் மேலே இருக்கும்படி உள்பக்கத்தைப் பாருங்கள். மண்ணிறம் வலப்பக்கம், பியூஸ் இருக்கும் இடத்துக்கு, நீலம் இடப்பக்கம், பச்சை-மஞ்சள் மேலே. பழைய வயர் என்றால் சிவப்பு, கறுப்பு, பச்சை என்ற வரிசையில் அதே இடங்கள்.
3. எர்த் வயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் கடைசியாகக் கழல்வது எர்த்தாக இருக்க வேண்டும்.
4. வயரைப் பிடிக்கும் கிளிப் வெளி உறையைக் கவ்வ வேண்டும். உள்ளிருக்கும் தனி வயர்களைக் கவ்வினால் சில மாதத்தில் கழன்றுவிடும்.
5. 700 வாட்டுக்குக் கீழே 3 அம்பியர் பியூஸ், அதற்கு மேலே 13 அம்பியர். கடையில் வாங்கும் பிளக்கில் பெரும்பாலும் 13தான் இருக்கும். தையல் மெஷினுக்கும் ஃபானுக்கும் மாற்றிப் போடுங்கள்.

கடற்காற்றுப் படும் வீடுகளில் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். உப்பு ஏறிய பித்தளை முள் பச்சை பூத்துக் கறுத்திருக்கும். அந்த முள் புதிய சொக்கெட்டில் சரியாகத் தொடாமல் சூடாகி, பிளாஸ்டிக்கை உருக்கும். சுரண்டித் துடைத்து ஏமாற்றுவதைவிட, வெளிக்கிட முதல் புதிய பிளக் ஒன்று பூட்டிவிடலாம்.

ஐரோப்பாவில் கதை கொஞ்சம் நீளும். ஜேர்மனி, நோர்வே சொக்கெட்டுகளில் எர்த் பக்கவாட்டுத் தகடாக இருக்கும்; பிரான்சில் சொக்கெட்டுக்குள்ளிருந்தே ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரே பிளக் அங்குள்ள கடைகளில் கிடைக்கும். குடியேறிப் போகிறவர் போன பிறகு அதை வாங்கிப் பூட்டுவதே நல்லது. சுவிஸ் தனி வடிவம். மூன்று முள், நடு முள் கொஞ்சம் விலகி இருக்கும். ஜேர்மன் பிளக் அங்கே உள்ளே போகாது. சாதாரண சுவிஸ் சொக்கெட் 10 அம்பியர், அதாவது 2,300 வாட். அவுஸ்திரேலியாவிலும் 10 அம்பியர்தான். முள் சாய்ந்த தட்டை.

மறைந்த செலவு: மலிவான "உலக அடாப்டர்". பல நாட்டு முள்களை வெளியே தள்ளும் அந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு எர்த் கிடையாது. தாங்குவது 6 அம்பியர்தான், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1,380 வாட். போனுக்கும் லேப்டொப்புக்கும் போதும். 2,000 வாட் கேத்தில் செருகினால் உள்ளே உருகத் தொடங்கும். உத்தரவாதமும் போகும்: பிளக்கை வெட்டிய மிக்சியைப் பிறகு கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு முள் சார்ஜரை 13 அம்பியர் பொயின்ட்டில் போட, மேல் ஓட்டையில் பேனாவையோ ஈர்க்கையோ குத்தி மூடியைத் திறப்பார்கள். அப்படிப் போட்டால் இடையில் பியூஸ் இல்லை. மெல்லிய முள் தளர்வாக நின்று பொறி பறக்கும். லண்டனில் வாடகை வீட்டில் இதைச் செய்து சொக்கெட் கருகினால் செலவு வாடகைக்காரரின் தலையில்தான் விழும்.

## வழி 2: டிரான்ஸ்போமர்

எங்கே சரி: கனடா, அமெரிக்காவில், மாற்று இல்லாத ஒரு சில 230 வோல்ட் சாமான்களுக்கு.

120 வோல்ட்டை 230 ஆக்கித் தரும் இரும்புப் பெட்டி. "கனடா போறவைக்கு ஒரு டிரான்ஸ்போமர் வாங்கிக் குடுத்தா எல்லாம் ஓடும்" என்பது ஊரில் நிறையப் பேரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் மூன்று ஓட்டைகள்.

முதலாவது, டிரான்ஸ்போமர் வோல்ட்டைக் கூட்டும்; சக்தியைக் கூட்டாது. கனடாவில் சாதாரண சொக்கெட் ஒன்றின் பின்னால் 15 அம்பியர் பிரேக்கர் (சுமை கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கும். 120 வோல்ட்டில் அது 1,800 வாட். தொடர்ந்து எடுக்கும் சுமை 1,440 வாட்டைத் தாண்டக் கூடாது என்பது அங்கே நடைமுறை. ஊரிலிருந்து கொண்டுபோன 2,000 வாட் கேத்திலுக்கு, எவ்வளவு பெரிய டிரான்ஸ்போமர் வைத்தாலும், சுவரிலிருந்து 16 அம்பியருக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும். பிரேக்கர் விழும். 2,400 வாட் அயன் பெட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இரண்டாவது, அளவு. சூடாகும் சாமானுக்கு அதன் வாட்டைவிடக் கால்வாசி கூடுதலாக எடுக்க வேண்டும். மோட்டருக்கு இரண்டு மடங்கு, முடிந்தால் மூன்று மடங்கு. ஏனென்றால் மோட்டர் புறப்படும் கணத்தில் எடுக்கும் கறண்ட், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு. 750 வாட் மிக்சிக்கு 1,500 வாட் டிரான்ஸ்போமர் குறைந்தபட்சம். அது ஏழெட்டுக் கிலோ இருக்கும். மிக்சியைவிட அதற்கு உணவூட்டும் பெட்டி கனம் என்றால், அங்கே யோசனையை நிறுத்திவிடலாம். மலிவான பெட்டிகளில் எழுதியிருக்கும் வாட்டை அப்படியே நம்பவும் முடியாது.

மூன்றாவது, ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் 60 ஹேர்ட்ஸை 50 ஆக்காது. அயன் பெட்டிக்கு இது பொருட்டில்லை. மிக்சி மோட்டருக்குள் கார்பன் பிரஷ் இருப்பதால் அதற்கும் பெரிதாகத் தெரியாது. மேசைக் கிரைண்டரில் இருப்பது வேறு வகை மோட்டர். அதன் வேகத்தை ஹேர்ட்ஸ்தான் தீர்மானிக்கிறது. ஊரில் நிமிடத்துக்கு 1,440 சுற்றும் மோட்டர் அங்கே 1,700க்கு மேல் சுற்றும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடும். மா கொஞ்சம் சூடாகும், விளிம்பில் தெறிக்கும், ஆனால் அரையும். ஃபானும் அப்படித்தான்.

ஆஸ்துமாவுக்கு வைத்திருக்கும் நெபுலைசர் மெஷினில் கவனம் வேண்டும். அதன் பம்ப் பல மொடல்களில் ஹேர்ட்ஸோடு சேர்ந்து துடிக்கும்படி செய்யப்பட்டது. 60இல் காற்றின் அளவு மாறிவிடும். மருந்துச் சாமானை டிரான்ஸ்போமரில் ஓட்டிப் பார்த்துப் பரிசோதிக்க வேண்டாம். அங்கேயே ஒன்று வாங்குங்கள்.

மறைந்த செலவு: பிளக்கில் போட்டபடி விட்டால் சாமான் ஓடாவிட்டாலும் டிரான்ஸ்போமர் கறண்ட் எடுக்கும். 15 வாட் என்று வைத்தாலும் மாதம் கிட்டத்தட்ட 11 யூனிட். இரவில் மெல்ல இரைந்துகொண்டும் இருக்கும். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவை சாமானைச் சுவர்க் கறண்டிலிருந்து பிரித்து வைப்பதில்லை; இரண்டும் உள்ளே ஒரே கம்பிச் சுருளில் இணைந்திருக்கும். எர்த் வயர் சுவரிலிருந்து சாமான் வரை தொடர்ந்து போகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். வீட்டுக் காப்புறுதியும் ஒரு கேள்வி. கனடாவில் மின்சாமானில் சி.எஸ்.ஏ., யு.எல். போன்ற அங்கீகாரக் குறி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். குறி இல்லாத சாமானால் தீப்பிடித்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம்.

அப்படியானால் யாருக்கு இது நல்லது? சின்ன வாட், திரும்ப வாங்க முடியாத சாமான். சுருதிப் பெட்டிக்குச் சில வாட்தான். 100 வாட் டிரான்ஸ்போமர் கைக்கு அடக்கம். சங்கீதம் படிப்பிக்கும் ரீச்சர் தன் பழைய பெட்டியை விடமாட்டார் என்றால் இதுவே வழி. பழகிய தையல் மெஷினின் மோட்டரும் 100 வாட்டை ஒட்டியதுதான். 150 வாட் கிரைண்டர் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றால் 500 வாட் டிரான்ஸ்போமர் போதும்.

கனடாவில் சொந்த வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. அங்கே அடுப்புக்கும் துணி உலர்த்திக்கும் 240 வோல்ட் வந்துதான் இருக்கிறது. லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைக் கொண்டு சமையலறையில் 15 அம்பியர், 240 வோல்ட் சொக்கெட் தனியாகப் போடலாம். ஆனால் உலர்த்தியின் சொக்கெட்டிலிருந்து நாமாகவே வயர் இழுப்பது ஆபத்து: அதன் பின்னால் 30 அம்பியர் பிரேக்கர், மிக்சியின் மெல்லிய வயர் எரிந்தாலும் அது விழாது. இரண்டு வயரிலும் உயிர்க் கறண்ட் இருப்பதால் சாமானின் சுவிட்சை நிறுத்தினாலும் உள்ளே ஒரு பக்கம் உயிரோடுதான் இருக்கும்.

## வழி 3: சின்னக் கன்வேர்ட்டர்

உள்ளங்கை அளவு, சில நூறு கிராம், "1,600 வாட்" என்று பெரிய எழுத்து. இது அலையை வெட்டி வெட்டிக் கொடுக்கும் மின்னணுச் சுவிட்ச். வோல்ட்டைக் குறைக்கத்தான் முடியும், 120ஐ 230 ஆகக் கூட்டாது. சுத்தமான கறண்ட் தராது. 230 வோல்ட் நாட்டில், சுவிட்ச் தவிர வேறெதுவும் இல்லாத 120 வோல்ட் சூடாக்கும் சாமானுக்கு, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் சரி. டிஜிட்டல் ரைஸ் குக்கர், மிக்சி, சார்ஜர் எதுவும் இதில் போடக் கூடாது. இதை வாங்கிக் கொண்டுபோக ஒரு காரணமும் தெரியவில்லை.

## வழி 4: 110 வோல்ட் மொடல்

எங்கே சரி: கனடா, அமெரிக்காவுக்கு மிக்சியும் கிரைண்டரும்.

தோசைக்கு அரைக்கவும் சம்பல் இடிக்கவும் அங்கே சாதாரணக் கடைகளில் விற்கும் பிளெண்டர் உதவாது. அது பழச்சாறுக்குச் செய்தது. காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டால் சுற்றிச் சுற்றி நிற்கும். தண்ணீர் ஊற்றினால்தான் அரையும். ஊற்றினால் சம்பல் இல்லை. ஆகவே நம் வகை மிக்சி வேண்டும் என்ற அம்மாவின் வாதம் சரி. எந்த வோல்ட் என்பதில்தான் பிழைக்கிறது.

பிரீத்தி போன்ற இந்தியக் கம்பனிகள் வட அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மிக்சி செய்கின்றன (110 என்று எழுதியிருந்தாலும் அங்குள்ள 120 வோல்ட் சொக்கெட்டுக்குச் செய்ததுதான்). அல்ட்ரா மேசைக் கிரைண்டரிலும் 110 வோல்ட் மொடல் உண்டு. சென்னை வழியாகப் போகிறவர் அங்கே வாங்கலாம். இல்லாவிட்டால் ரொறன்ரோவில் ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் போன பிறகு வாங்கலாம். பழுது பார்ப்பதும் அப்போது இலகு. சென்னையில் வாங்குபவர் பெட்டியை நம்பாமல் மோட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்க வேண்டும். ஒரே மொடல் பெயரில் 230 வோல்ட்டும் 110 வோல்ட்டும் வருகின்றன. வெளித் தோற்றத்தில் வித்தியாசம் இல்லை.

மறைந்த செலவு: இது ஒருவழிப் பயணச் சாமான். சில வருடம் கழித்து ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவந்து 230 வோல்ட்டில் போட்டால் மோட்டர் வெறிபிடித்ததுபோலச் சுற்றி, சில நொடியில் புகை வரும்.

## வழி 5: அங்கே போய் வாங்குவது

சூடாக்கும் சாமான் எதுவானாலும் 120 வோல்ட் நாட்டுக்குப் போகிறவருக்கு இதுதான் விடை. காரணம் வெறும் கணக்கு. வோல்ட் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால் பங்குக்கு இறங்குகிறது. 230 வோல்ட் சாமான் ஒன்று 120 வோல்ட்டில் தன் சக்தியில் 27 வீதம்தான் தரும். ஊரில் நாலு நிமிடத்தில் ஒன்றரை லீற்றர் கொதிக்கவைத்த 2,000 வாட் கேத்தில் அங்கே 540 வாட்தான். கால் மணி நேரம் நின்று பார்க்க வேண்டும். 700 வாட் ரைஸ் குக்கர் 190 வாட்டுக்கு இறங்கும். அரிசி கொதிக்காமல் வெந்நீரில் ஊறிக் களியாகும். அடிச்சட்டி 100 பாகையைத் தாண்டாததால் சுவிட்சும் மேலே எழும்பாது.

மோட்டர் சாமானில் விளைவு இன்னும் மோசம். கிரைண்டர் மோட்டரின் இழுவை கால் பங்காகிவிடும். கல்லைச் சுழற்ற முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும். நிற்கும் மோட்டர்தான் சூடாகி எரியும். சத்தம் கேட்டவுடனே பிளக்கைக் கழற்ற வேண்டும்.

வளைகுடாவுக்குப் போகிறவருக்கு (சவூதியின் பழைய கட்டடங்கள் தவிர) வோல்ட் பிரச்சினை இல்லாவிட்டாலும், ரைஸ் குக்கரையும் அயன் பெட்டியையும் சுமப்பதில் பெரிய பலன் இல்லை. பல கம்பனிக் கேம்ப்களில் அறைக்குள் சமைக்க விடமாட்டார்கள். விட்டாலும் அங்குள்ள கடைகளில் இவை மலிவு. லண்டனில் படிக்கப் போகும் பிள்ளைகள் விடுதி விதிகளை முதலில் வாசிக்க வேண்டும். பல விடுதிகளில் அறையில் ரைஸ் குக்கர் தடை. வேறு சில இடங்களில் வெளியிலிருந்து வரும் சாமானுக்கு பேட் சோதனை (மின்சாமான் பாதுகாப்புச் சோதனை) முடித்த ஸ்டிக்கர் கேட்பார்கள். பிரித்தானியாவில் விற்கும் வீட்டுச் சாமான்கள் 1994ஆம் ஆண்டு விதிகளின்படி பியூஸ் உள்ள சரியான பிளக்கோடுதான் வர வேண்டும் என்பதால், அங்கே வாங்கியதை அப்படியே சுவரில் செருகலாம்.

மறைந்த செலவு: முதல் இரண்டு வாரம். குளிர்காலத்தில் போய் இறங்குகிறவர் மறுநாளே கடை தேடி அலைய முடியாது. சொந்தக்காரர் வீட்டில் இறங்குகிறவருக்கு இது பெரிதல்ல. தனியாக அறை எடுக்கிறவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## சாமான் வாரியாக

| சாமான் | 230 வோல்ட் நாடு | 120 வோல்ட் நாடு |
|---|---|---|
| போன், லேப்டொப் சார்ஜர் | கொண்டுபோகலாம். பிளக் அடாப்டர் | கொண்டுபோகலாம். பிளக் அடாப்டர் |
| மிக்சி | கொண்டுபோகலாம். பிளக்கை மாற்றுங்கள் | 110 வோல்ட் மொடல் மட்டும் |
| மேசைக் கிரைண்டர் | நிறை தாங்கினால் சரி | 110 வோல்ட் மொடல், அங்கேயே வாங்குங்கள் |
| ரைஸ் குக்கர் | விடுதி விதியைப் பார்த்து | வேண்டாம் |
| கேத்தில், அயன் பெட்டி | கொண்டுபோகத் தேவையில்லை | வேண்டாம் |
| இண்டக்‌ஷன் அடுப்பு | சரி. நிறை யோசியுங்கள் | வேண்டாம், இயங்காது |
| தையல் மெஷின் | சரி | சின்ன டிரான்ஸ்போமரோடு |
| சுருதிப் பெட்டி | சரி | 100 வாட் டிரான்ஸ்போமர் |
| நெபுலைசர் | தகட்டைப் பார்த்து | அங்கே வாங்குங்கள் |
| டிவி | வேண்டாம் | வேண்டாம். ரிசீவர் முறையும் வேறு |
| கொசு விரட்டி மெஷின் | வளைகுடாவுக்கு வேண்டுமானால் | ஜனவரியில் ரொறன்ரோவில் எதற்கு? |

மிக்சியைப் பெட்டியில் வைக்கும்போது பிளேடு உள்ள ஜார்களைக் கைப்பையில் வைக்கக் கூடாது, கட்டுநாயக்கவில் எடுத்துவிடுவார்கள். மோட்டரை நடுவில், துணியால் சுற்றி, ரப்பர் கால் கீழே இருக்கும்படி வையுங்கள். ஜாரைப் பூட்டும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைவதுதான் அதிகம் நடப்பது. அந்தத் துண்டில் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்தால் நிறையும் இல்லை, தேடியலையவும் வேண்டாம். பவர் பாங்கை நேர்மாறாகச் செய்ய வேண்டும்: கைப்பையில் மட்டும், பெரிய பெட்டிக்குள் கூடாது. 20,000 மில்லி அம்பியர் பாங்க் 74 வாட்-மணி. 100 வாட்-மணி வரை பொதுவாக விடுவார்கள்.

## ஊருக்கு வரும்போது

எதிர்த்திசையில்தான் ஆபத்து அதிகம். இங்கிருந்து கனடாவுக்குப் போகும் சாமான் மெலிந்து நிற்கும். அங்கிருந்து இங்கே வரும் சாமான் எரியும். 120 வோல்ட் சாமானை 230இல் போட்டால் சக்தி கிட்டத்தட்ட 3.7 மடங்கு. 1,875 வாட் என்று எழுதிய கனடாத் தலைமுடி உலர்த்தி 6,800 வாட்டுக்கு மேல், 30 அம்பியர் அளவுக்கு எடுக்க முயலும். பியூஸ் போவது நல்ல முடிவு. போகாவிட்டால் கையிலேயே உருகும்.

சில பயண உலர்த்திகளிலும் முடி நேராக்கிகளிலும் 120/240 என்று சுவிட்ச் இருக்கும். அதை ஊசி முனையாலோ நாணயத்தாலோ திருப்பிவிட்டுத்தான் செருக வேண்டும். திரும்பிப் போகும்போது மறுபடி மாற்ற மறக்கக் கூடாது. மறந்தால் அங்கே சூடே வராது, பழுதென்று எறிந்துவிடுவார்கள். 230ஐ 120 ஆக இறக்கும் டிரான்ஸ்போமரைக் கனடாவில் வாங்கிவந்தால் அதில் 50/60 ஹேர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த பெட்டி இங்கே சும்மா இருக்கும்போதே கொதிக்கும்.

நிலாவெளி, உப்புவெளியில் தங்குமிடம் நடத்துகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள்: காலையில் ஒரு அறையில் உலர்த்தி போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுந்து முழு மாடியும் இருட்டாகும். விருந்தினரின் சாமானைச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. அறைக்கு ஒரு 230 வோல்ட் உலர்த்தியைச் சுவரில் பூட்டிவிட்டு, மேசையோரம் எர்த் உள்ள பல முள் சொக்கெட் ஒன்றும் யு.எஸ்.பி. பொயின்ட் இரண்டும் வைத்தால் பெரும்பாலானோர் தங்கள் உலர்த்தியைப் பெட்டியிலிருந்து எடுக்கவேமாட்டார்கள். அந்தச் சொக்கெட்டை வாங்கும்போது பித்தளைத் தகடு தடிப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்; மெல்லிய தகடு கடற்காற்றில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.